ஆள் இருந்தால் சாப்பிடாது

மெக்கானிக்கின் மனைவி முப்பத்தேழு பூனைகளை வளர்த்துக் கொடுத்திருக்கிறாள். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவள் வாயால் நீங்கள் கேட்டதில்லை என்றால் அவளை நீங்கள் சந்தித்ததில்லை என்றுதான் அர்த்தம். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், காய்கறிக் கடைக்காரருக்குத் தெரியும், எண் மாறிப் போன் செய்த யாரோ ஒருவருக்கும் தெரியும். பாவம், அந்த மனிதர் கேஸ் ஏஜென்சியைக் கூப்பிட்டிருந்தார்.

வேலை என்னவோ கேட்கச் சின்னதுதான். தெருவில் அடிபட்டோ, அட்டைப்பெட்டியில் போட்டு யாரோ விட்டுவிட்டுப் போயோ, பூனைகள் காப்பகத்துக்கு வந்து சேரும். கூண்டிலேயே கிடந்தால் மனிதர்களைக் கண்டு மிரளும். மிரளும் பூனையை யாரும் வீட்டுக்குக் கேட்க மாட்டார்கள். ஆகவே ஒரு வீட்டில் வைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, மணல் தட்டில் போகப் பழக்கி, மனித வாடை பழக்கி, சரியான இடம் அமையும்போது கொடுத்துவிட வேண்டும். வளர்ப்பது பெரிய காரியமில்லை, கொடுப்பதில்தான் உயிர் போகும். அதற்காகவே அவள் சட்டங்கள் வைத்திருந்தாள். பேர் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான். கட்டிலில் ஏற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் ஊட்டக் கூடாது. கிண்ணத்தில் சாப்பிடப் பழகிய பூனை எந்த வீட்டிலும் பிழைத்துக்கொள்ளும், கையில் சாப்பிட்ட பூனை அந்தக் கைக்காகவே காத்துக் கிடக்கும் என்பாள்.

மெக்கானிக் லிஃப்ட் பழுது பார்ப்பவர். காலை ஆறுக்குக் கிளம்பினால் மதியம் இரண்டுக்கு வீடு. "எனக்கும் பூனைக்கும் ரொம்ப தூரம்" என்பது அவருடைய நிரந்தர அறிக்கை. மடிமேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும்போதுகூட அதைத்தான் சொல்வார். ஆனால் லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும் வரை அவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பயத்தில் மூச்சு முட்டும். அப்போது மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் எடுத்துவிடுவது மனைவியின் பூனைக் கதைகளைத்தான். "முப்பத்தேழு சார்! ஒண்ணுகூடத் திரும்பி வரல!" நகரில் பல பேர் இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு இந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். மனைவியிடம் மட்டும் அவர் இதைச் சொன்னதில்லை. சொன்னால் கையில் பிடிக்க முடியாது என்று பயம்.

முப்பத்தெட்டாவது ஒரு வெள்ளைப் பூனை. நீலக் கண். பிறவியிலேயே காது கேட்காது. காப்பகத்துக் கூண்டில் ஐந்து மாதம் கிடந்தும் ஒருவரும் கேட்கவில்லை. ஆள் வருவது காதில் விழாததால், எந்தக் கை பட்டாலும் அதற்குத் திடீர்க் கைதான். துள்ளிப் போய் மூலையில் ஒட்டிக்கொள்ளும். மாடியில் பலகைத் தரை போட்ட சின்ன அறையில் அதை விட்டார்கள். முதல் நாள் கிண்ணம் அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் காலை மனைவி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று மதியம் மெக்கானிக் மாடிக்குப் போனார். சும்மா பார்க்கத்தான் போனார், இதை அவர் பிறகு பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் இரண்டு நீலக் கண்கள். மாட்டிக்கொண்டவர்களின் கண்களை அவருக்கு நன்றாகத் தெரியும். முகத்தைப் பார்த்தால் பயம் கூடும் என்று, கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். விரல் முட்டியால் பலகையை இரண்டு முறை தட்டினார். காது கேட்காவிட்டால் என்ன, அதிர்வு தெரியுமே. கயிற்றில் கையை வைத்தே லிஃப்டின் கோளாறு சொல்பவருக்கு இது தெரியாதா? பிறகு கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கோழியை எடுத்து, கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டு அப்படியே இருந்தார். முக்கால் மணி நேரம். தோள் கழன்றுவிடும் போல வலித்தபோது, சொரசொரப்பான ஒரு சின்ன நாக்கு உள்ளங்கையைத் தொட்டது.

நாலரைக்கு வந்த மனைவி காலிக் கிண்ணத்தைப் பார்த்து மாடியிலிருந்தே கத்தினாள். "ஏங்க! சாப்பிட்டுடுச்சுங்க! மூணே நாள்ல கிண்ணத்துக்கு வந்துடுச்சு!"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவர் எப்படிச் சொல்வார்? நாளைக்குக் கிண்ணத்துக்கு மாற்றிவிடலாம், அப்புறம் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தார். நாளை என்பது மூன்று மாதம் ஆனது. மதியம் வீட்டில் யாருமில்லை, சிக்கல் இல்லை. மாலையில் ஜன்னல் கொக்கியைப் பார்க்கப் போவார். அந்த வீட்டு ஜன்னல் கொக்கிகள்போல் கவனிக்கப்பட்ட கொக்கிகள் உலகத்திலேயே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளோடு மாடிக்குப் போய்விடுவார், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். பேரும் வைத்தாயிற்று, மகாராணி என்று. காது கேட்காத பூனைக்குப் பேர் வைத்தால் யாருக்கு நஷ்டம்? சட்டம் மீறப்பட்டது என்று அந்தப் பூனையே சாட்சி சொல்ல முடியாது.

மனைவி எப்போது எட்டிப் பார்த்தாலும் பூனை கிண்ணத்துப் பக்கமே போகவில்லை, ஆனால் கிண்ணம் மட்டும் காலியானது. அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்: இது கூச்சக்காரப் பூனை, ஆள் இருந்தால் சாப்பிடாது. அதை அறிக்கையில் எழுதினாள். மூன்று நாளில் பழக்கிய கதையைக் காப்பகத்து டாக்டரம்மா தன்னார்வலர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். மனைவி எழுந்து நின்றபோது அவளுக்கு வாயெல்லாம் பல். மெக்கானிக் கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். பொய்க்குத்தான் கைதட்டுகிறோம் என்று தெரிந்தும் அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

மகாராணிக்கு இடம் அமைந்தது ஒரு வயலின் டீச்சர் வீட்டில். தனியாக இருப்பவர், சாந்தமான மனுஷி. "என் ஸ்டூடன்ட்ஸ் வாசிக்கிறதைக் கேட்டு ரெண்டு பூனை வீட்டை விட்டே ஓடிடுச்சு அக்கா. காது கேட்காத பூனைதான் எனக்கு லாயக்கு" என்று அவரே சிரித்தார். சனிக்கிழமை காலை பூனையைக் கூடையோடு கொடுத்தபோது மனைவி ஒரு குறிப்புத் தாளும் கொடுத்தாள். நான்காவது வரி: ஆள் இருந்தால் சாப்பிடாது. கிண்ணத்தை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடவும்.

மெக்கானிக் அந்த வரியைப் படித்தார். தாளை மடித்துக் கூடையில் செருகினார். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று நினைத்தார். கோழைகள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

திங்கட்கிழமை மாலை ஐந்துக்கு டீச்சர் போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வந்ததுலேர்ந்து ஒரு வாய்கூடச் சாப்பிடல. நீங்க எழுதிக் கொடுத்த மாதிரியே கிண்ணத்தை வச்சுட்டு கதவைச் சாத்திட்டு வந்துடறேன். போய்ப் பார்த்தா அப்படியே இருக்கு. டாக்டருக்குப் போன் பண்ணேன். ஏழு மணிக்குள்ள சாப்பிடலேன்னா திருப்பிக் கொண்டு வந்துடச் சொல்றாங்க. இதுக்கு மேல போனா ஈரல் கெட்டுடுமாம்."

மனைவி போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தேழைப் பற்றி அவள் பேசவில்லை.

"திரும்பி வந்தா மறுபடியும் கூண்டுதாங்க. அட்டையில என்ன எழுதுவாங்க? காது கேட்காது, சாப்பிடாது, ஒரு வீட்டுலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. அதுக்கப்புறம் யார் கேப்பாங்க? சாகற வரைக்கும் அந்தக் கம்பிக்குப் பின்னாடிதான்." குறிப்புத் தாளின் நகலை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். "நான் எங்கே தப்பு பண்ணேன்?"

"நீ பண்ணல" என்றார் மெக்கானிக்.

"பின்ன?"

"அது கிண்ணத்துல சாப்பிட்டதே இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் கையிலதான் சாப்பிட்டுச்சு. முதல்லேர்ந்தே."

"மூணு மாசமா?"

"மூணு மாசமா."

"அப்போ ஜன்னல் கொக்கி?"

"கொக்கிக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. குறிப்புத் தாளின் நகலை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள். "கூட்டத்துல எனக்குக் கை தட்டினீங்களே. எப்படிங்க தட்டினீங்க?"

"நீ அவ்வளவு சந்தோஷமா நின்னே. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபது.

"போய்க் குளிங்க. சோப்பு போட்டு நல்லாத் தேய்ச்சுக் குளிங்க. துவைச்சு வச்ச சட்டையைப் போட்டுக்கங்க. உங்க வாடை அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது. நீங்க ஊட்டினா இன்னிக்குச் சாப்பிடும், நாளைக்கு யாரு? டீச்சர் கைக்கு வரணும். நீங்க டீச்சருக்குச் சொல்லித் தரப்போறீங்க."

"நானா? டீச்சருக்கா?"

"மூணு மாசம் எனக்குத் தெரியாம பாடம் நடத்தினீங்கல்ல? இப்போ தெரியற மாதிரி நடத்துங்க."

டீச்சர் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் மேலே போகும்போது எங்கோ கிரீச்சிட்டது. மெக்கானிக் பழக்கதோஷத்தில் சுவரில் கையை வைத்தார். மனைவி முறைத்ததும் எடுத்துவிட்டார்.

டீச்சர் அழுது அழுது மூக்கு சிவந்திருந்தார். பூனை உள்ளறைக் கட்டிலுக்கு அடியில், கதவு சாத்தியிருந்தது. கூடத்தில் சுவரோரம் வயலின் பெட்டிகள், நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை. "முதல்ல இங்கே செஞ்சு காட்டறேன் டீச்சர்" என்றார் மெக்கானிக். செய்து காட்டப் பூனை வேண்டுமே. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரே பார்த்துப் பேசும் பெண்மணி.

மெக்கானிக் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "இப்படித் திரும்பிடணும். மூஞ்சியைப் பார்க்கக் கூடாது. ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னும் ரெண்டு. நான் இங்கே இருக்கேன்னு சொல்றதுக்கு, அவ்வளவுதான். அப்புறம் கையைப் பின்னாடி நீட்டி வச்சுட்டு, வச்சதை மறந்துடணும். வருவாளா மாட்டாளான்னு நினைச்சாக்கூட விரல் இறுகிடும், அவளுக்குத் தெரிஞ்சுடும்."

உள்ளங்கையை விரித்து வைத்துக் காட்டினார். மேசைக்கு அடியில் மனைவி என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்க்க முடியாது, பாடம் கெட்டுவிடும். பிறகு அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"தினமும் இப்படியேவா உட்கார்ந்திருந்தீங்க?"

"ம்."

"எவ்வளவு நேரம்?"

"ஆரம்பத்துல முக்கால் மணி. அப்புறம் பழகிடுச்சு."

அவள் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து கோழித் தட்டை டீச்சர் கையில் கொடுத்தாள்.

ஆறேகாலுக்கு டீச்சர் கோழித் துண்டுகளோடு உள்ளே போனார். இவர்கள் இருவரும் மூடிய கதவுக்கு வெளியே. உள்ளிருந்து கிசுகிசுப்பாகக் குரல் வந்தது. "சார், உட்கார்ந்துட்டேன்."

"டீச்சர், சத்தமாவே பேசுங்க. அவளுக்குக் கேக்காது."

"ஐயோ, ஆமால்ல!" என்றார் டீச்சர். உள்ளே தட்டும் ஒலி கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் போயிற்று. மெக்கானிக் குனிந்து தரையைத் தொட்டார். தலையில் அடித்துக்கொண்டார். இது டைல்ஸ் தரை, கீழே கான்கிரீட். அவர்கள் வீட்டில் பலகை அதிர்ந்தது, இங்கே எந்தக் கடவுள் தட்டினாலும் அந்தப் பூனைக்குத் தெரியாது.

"டீச்சர், கட்டில் மரமா இரும்பா?"

"மரம்தான் சார்."

"அது எங்கே இருக்கு?"

"சுவர்ப்பக்கத்துக் காலோட ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் உள்ளே வரும்போது பார்த்தேன்."

"அப்போ தரையை விட்டுடுங்க. உங்க பக்கத்துக் கட்டில் காலைத் தட்டுங்க. பலமா வேண்டாம், கதவைத் தட்டற மாதிரி."

டொக், டொக். நிறுத்தி, டொக், டொக். மெக்கானிக்கின் விரல்கள் தானாக மடிந்தன.

"அசையுது சார். முதுகுக்குப் பின்னாடி ஏதோ அசையுது. எனக்குப் பயமா இருக்கு."

அப்போது அவர் லிஃப்ட் மெக்கானிக் ஆனார். கதவோரம் தோளைச் சாய்த்துக்கொண்டு, நேரம் நிறைய இருப்பவர்போல் ஆரம்பித்தார். "டீச்சர், எங்க வீட்டுல இதுக்கு முன்னாடி முப்பத்தேழு பூனை இருந்துச்சு தெரியுமா? முதல் பூனைக்கு வால் கிடையாது. இவ அதை மூணு வாரம் தோள்லயே போட்டுக்கிட்டுச் சமைச்சா. ஒன்பதாவது ஒரு தாய், அஞ்சு குட்டியோட வந்துச்சு. தாய்க்குப் பால் வத்திப்போச்சு, குட்டிங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கணும். ஆபீஸுக்கு லீவு போட்டா. அஞ்சும் பிழைச்சுது டீச்சர், டாக்டரே ரெண்டுதான் தேறும்னாங்க. பதினாறாவது எல்லாரையும் கடிக்கும். இவ கையைப் பாருங்க, இன்னும் தழும்பு இருக்கு. இப்போ அது ஒரு வக்கீல் வீட்டுல இருக்கு, அவரை மட்டும் கடிக்கறதில்லை. அவ்வளவு பேருக்கும் வீடு பார்த்துக் கொடுத்தா. அழாம கொடுத்தா. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல போய் அழுவா, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்குவா."

பக்கத்தில் நின்ற மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. மாட்டிக்கொண்ட ஆளிடம் பேசும்போது அவர் வேறு எதையும் கவனிப்பதில்லை.

இருபத்து மூன்றாவது பூனையின் நடுவில் டீச்சர் "சார்" என்றார். குரல் மாறியிருந்தது. "ஏதோ ஈரமா. சொரசொரன்னு."

"திரும்பாதீங்க!"

"திரும்பல. ஐயோ, சாப்பிடறா சார். சாப்பிடறா! வயலின் வாசிச்சு விரல் நுனியெல்லாம் எனக்குக் காய்ச்சுப் போயிருக்கு, அதையும் நக்கறா. தட்டுல இருக்கறதை எடுக்கட்டுமா? இன்னும் வேணும்கறா, கையை முட்டறா."

"எடுங்க. மெதுவா, திரும்பாமலே எடுங்க. கொஞ்சம் கொஞ்சமா வைங்க. ரெண்டு நாள் காஞ்ச வயிறு."

மெக்கானிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். மகாராணி இனி அவர் கைக்கு வராது. வேறொருத்தியின் கையைத் தேர்ந்துகொண்டுவிட்டது, அதுவும் அவரே சொல்லிக்கொடுத்த கையை. பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் வந்து நின்றன, துவைத்த சட்டையின் தோளில் துடைத்துக்கொண்டார். உள்ளே டீச்சர் அழுதுகொண்டே பூனையிடம் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். அதற்குத் தெரிய வேண்டியது கை மட்டும்தான், அது நீட்டியபடியே இருந்தது.

ஏழடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மனைவி போனை எடுத்துக்கொண்டு கூடத்து நடுவே போய் நின்றாள்.

"டாக்டர், சாப்பிட்டுட்டா. டீச்சர் கையிலேயே சாப்பிட்டா, இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. இல்ல, கொண்டு வர வேண்டாம். இன்னொரு விஷயம். என் அறிக்கையில ஒரு தப்பு இருக்கு. மூணு நாள்ல கிண்ணத்துல பழக்கினேன்னு எழுதியிருந்தேன்ல, நீங்ககூட எல்லார் முன்னாடியும் படிச்சீங்களே. அதை அடிச்சிடுங்க. ஆமா, முழுசா அடிச்சிடுங்க. அது கிண்ணத்துக்குப் பழகவே இல்ல. அதைப் பழக்கினதும் நான் இல்ல."

மெக்கானிக் பதறிப் போய்க் கையை ஆட்டினார். "ஏம்மா, இதையெல்லாம் எதுக்கு..."

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்றபோது இருந்ததைவிட நிமிர்ந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் டாக்டர். லிஃப்ட் மெக்கானிக். இல்லையில்ல, படிச்சதெல்லாம் இல்ல, தானா வந்தது. மூணு மாசம், தினமும், முதுகைக் காட்டி உட்கார்ந்துக்கிட்டு. இன்னிக்கு ஒரு மூடின கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இன்னொருத்தர் கையில ஊட்ட வச்சார். இந்த மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல. நம்ம காப்பகத்துல யாருக்கும் இது வராது டாக்டர், எனக்கும் வராது. இனிமே இப்படி மிரண்டது ஏதாவது வந்தா என்னைக் கூப்பிடாதீங்க. நேரா அவரைக் கூப்பிடுங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க."

அவருடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, கீழ்த்தளம் வரை கேட்கும்படி சொன்னாள். டாக்டர் சரியாக எழுதினாரா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இருபத்தாறு வருடமாக அவள் பெருமையடித்துக்கொள்வதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவரைப் பற்றி அவள் பெருமையடித்து அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மெக்கானிக் சுவர்ப் பக்கம் திரும்பி, வயலின் பெட்டிகளைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார்.